படகிற்கு நான்கு பொருத்தம்

திருமணத்திற்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பது நம்மவரிடையே நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கம். அப்பொருத்தங்களில் நம்பிக்கை உடையோரும் உளர், இல்லாதோரும் உளர். ஆனால், நீரில் ஓடும் ஒரு சிறு மாதிரிப் படகிற்கு நான்கு பொருத்தங்கள் பார்த்தே ஆகவேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இருக்க இயலாது. சுழல்விசிறி, மோட்டர், பற்றரி, வேகக் கட்டுப்படுத்தி என்னும் இந்நான்கும் ஒன்றோடொன்று இசைந்தால் படகு ஓடும். இசையாவிடின் புகை எழும்.

வானொலி அலைகளால் கட்டுப்படுத்தப்படும் மாதிரிப் படகுகளைப் பூங்காக் குளங்களிலே சிறுவரும் பெரியோரும் ஓட்டி மகிழ்வதை நாம் காண்கிறோம். பிறந்தநாட் பரிசாகப் படகொன்றைப் பெறும் பிள்ளை, சில வாரங்களில் அதன் வேகம் போதாதெனக் கருதி, பெரிய பற்றரியொன்றைக் கேட்பதும், பெற்றோர் அதனை வாங்கிக் கொடுப்பதும், மூன்றாம் நாள் மோட்டர் கருகுவதும் பல வீடுகளில் நிகழ்வனவே. கருகிய மோட்டருக்குப் பற்றரியை விற்றவர்மேல் பழி விழும். உண்மையான காரணமோ மேல்வகுப்பு மாணவர் பள்ளியிற் கற்கும் எளிய பௌதிகத்தில் அடங்கியுள்ளது. அதனைத் தமிழில், கணக்குகளோடு, மாணவர் தாமே செய்து பார்க்கக்கூடிய முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஓமின் விதியை வேற்று மொழியிற் கற்ற நம் பிள்ளைகள், அதே விதியைத் தாய்மொழியிலும் கையாள இயலும் என்பதை இதன்வழி உணர்வார்களாயின் அது நமக்கு இரட்டைப் பயன்.

முன்னோர் கண்ட பாடம்

சுழல்விசிறியின் வரலாற்றிலேயே பொருத்தம் பற்றிய முதற்பாடம் இருக்கிறது. இங்கிலாந்தில் விவசாயியாக இருந்த பிரான்சிஸ் பெற்றிற் சிமித் என்பவர் 1836 ஆம் ஆண்டில் திருகாணி வடிவிலான கப்பற் செலுத்திக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டு முழுச் சுற்றுகளைக் கொண்ட மரத் திருகொன்றைப் படகிற் பூட்டி, 1837 இல் இலண்டனின் பாடிங்ரன் கால்வாயில் அவர் சோதனை நடத்தியபோது, அத்திருகின் ஒரு பகுதி தற்செயலாக உடைந்து போயிற்று. படகு நின்றுவிடும் என்று எண்ணியவர்கள் வியக்கும்படி, அது முன்னிலும் விரைவாக ஓடிற்று. செலுத்தி பெரிதாக இருப்பதே சிறப்பு என்னும் எண்ணம் அன்றே பொய்த்தது.

1838 இல் மோரிற்ஸ் யாக்கோபி என்னும் அறிஞர், உருசியாவின் நேவா நதியில் மின்மோட்டரால் இயங்கும் படகொன்றை ஓட்டிக் காட்டினார். பின்னர் 1898 இல் நிக்கோலா தெஸ்லா, நியூயோர்க் நகரில் நடந்த மின்பொருட் கண்காட்சியிலே, நீர்த்தொட்டியில் மிதந்த சிறு படகைக் கம்பித் தொடர்பு எதுவுமின்றி வானொலி அலைகளால் இயக்கிக் காட்டினார். அதற்கான அமெரிக்கக் காப்புரிமை அதே ஆண்டு நவம்பர் 8 ஆம் நாள் வழங்கப்பட்டது. இன்று நம் பிள்ளைகள் கையில் வைத்து விளையாடும் படகு, அந்தப் படகின் வழித்தோன்றலே.

முதலிற் படகின் உடலை அறிக

நான்கு பொருத்தங்களையும் பார்க்குமுன் படகு எத்தகையது என அறிதல் வேண்டும். படகுகள் இருவகைப்படும். நீரை விலக்கிக்கொண்டு அதனூடே செல்வன ஒருவகை. இழுவைப் படகுகள், சரக்குக் கப்பல்கள், மீன்பிடி வள்ளங்கள் போன்றவற்றின் மாதிரிகள் இதில் அடங்கும். வேகம் கூடியவுடன் மேலெழுந்து நீரின் மேற்பரப்பில் வழுக்கிச் செல்வன மற்றொரு வகை. பந்தயப் படகுகள் இவ்வகையின.

முதல்வகைப் படகிற்கு இயற்கையே ஒரு வேக எல்லையை வகுத்துள்ளது. படகு தான் எழுப்பும் அலைக்குள்ளேயே சிக்கிக்கொள்வதால், அந்த எல்லைக்கு மேல் எவ்வளவு வலுவைக் கொட்டினாலும் அலைதான் பெருக்குமேயன்றி வேகம் பெருகாது. நீர்மட்டத்தில் படகின் நீளத்தை மீற்றரில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 1.25 ஆற் பெருக்கினால் இவ்வெல்லை செக்கனுக்கு எத்தனை மீற்றர் என்பது ஏறத்தாழக் கிடைக்கும். 80 சென்ரிமீற்றர் நீளமான படகிற்கு இது செக்கனுக்கு 1.1 மீற்றர், அதாவது மணிக்கு 4 கிலோமீற்றர், மனிதர் நடக்கும் வேகம்.

வில்லியம் புரூட் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் 1870களின் தொடக்கத்தில் தோர்க்கி நகருக்கு அருகில் நீண்ட நீர்த்தொட்டி அமைத்து, மாதிரிக் கப்பல்களை இழுத்து ஆராய்ந்தார். அவர் நிறுவிய விதி நமக்குப் பெரிதும் உதவும்: மாதிரியின் வேகம், உண்மைக் கப்பலின் வேகத்தை அளவுவிகிதத்தின் வர்க்கமூலத்தால் வகுத்துப் பெறப்படும். 36இல் ஒரு பங்காக அமைத்த மாதிரி இழுவைப் படகொன்றைக் கருதுவோம். உண்மைப் படகு 12 கடல்மைல் வேகத்தில் ஓடுமாயின், மாதிரி 2 கடல்மைல் வேகத்தில், அதாவது செக்கனுக்கு ஏறத்தாழ 1 மீற்றர் வேகத்தில் ஓடினாற் போதும். அதற்கு மேல் ஓடினால் அது இழுவைப் படகாகத் தோன்றாது. துள்ளும் தவளையாகத் தோன்றும்.

முதற் பொருத்தம்: சுழல்விசிறி

நான்கினுள் முதலிற் பார்க்கவேண்டியது சுழல்விசிறியே. கடையில் புரொப்பெல்லர் என்று கேட்டு வாங்கப்படும் இதற்கு இரண்டு அளவுகள் முக்கியமானவை. ஒன்று விட்டம். மற்றொன்று புரியிடைத்தூரம்; அதாவது, நீர் நெகிழாத திண்மப் பொருளாக இருப்பின் விசிறி ஒரு சுற்றில் எவ்வளவு தூரம் முன்னேறுமோ அந்தத் தூரம். திருகாணி மரத்தினுள் ஒரு சுற்றில் இறங்கும் ஆழத்தை ஒத்தது இது. ஆனால் நீர் நெகிழ்வதால் உண்மையில் முன்னேறும் தூரம் குறைவாகவே இருக்கும். இந்தக் குறைவை வழுக்கல் என்கிறோம். மெதுவாகச் செல்லும் இழுவைப் படகிற்கு 40 வீதத்தையும், மேற்பரப்பில் விரையும் படகிற்கு 20 வீதத்தையும் வழுக்கலாகக் கொண்டு கணக்கைத் தொடங்கலாம்.

இனி, இக்கட்டுரையிலேயே மிக முக்கியமான உண்மைக்கு வருவோம். விசிறியைச் சுழற்றத் தேவைப்படும் வலு, சுழற்சி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்திற்கும், விட்டத்தின் ஐம்மடிப் பெருக்கத்திற்கும் ஏற்ப உயர்கிறது. சுழற்சி இரட்டித்தால் வலு 8 மடங்காகும். அதே சுழற்சியில், அதே வடிவுடைய விசிறியின் விட்டத்தை 40 மில்லிமீற்றரிலிருந்து 45 ஆக்கினால், வலு 1.8 மடங்காகும். கண்ணுக்கு 5 மில்லிமீற்றர். மோட்டருக்கோ ஏறக்குறைய இன்னொரு மோட்டரின் சுமை. சிமித்தின் உடைந்த திருகு உணர்த்தியதும் இதனை ஒட்டிய பாடமே.

இரண்டாம் பொருத்தம்: மோட்டர்

மோட்டர்கள் இருவகை. கரித்துண்டுகள் உராய்ந்து மின்னைச் செலுத்தும் பழைய வகை ஒன்று. பிரஷ்லெஸ் என்று கடைகளில் வழங்கும் உராய்வுத் துண்டுகள் அற்ற புதிய வகை மற்றொன்று. பின்னதில் மூன்று கம்பிகள் இருக்கும், தேய்மானம் குறைவு, வினைத்திறன் அதிகம். அதன் உடலில் 3660 என்று எழுதப்பட்டிருந்தால், வழக்கமாக அது 36 மில்லிமீற்றர் விட்டமும் 60 மில்லிமீற்றர் நீளமும் உடையது என்பது பொருள்.

மோட்டரில் நாம் தேடவேண்டிய எண் கே.வி. என்பது. இது கிலோவோல்ற்று அன்று. சுமையின்றி ஓடும்போது ஒரு வோல்ற்றுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்பதைக் குறிக்கும் எண். 1,000 கே.வி. மோட்டருக்கு 11.1 வோல்ற்று கொடுத்தால் அது சுமையின்றி 11,100 சுற்றுச் சுழலும். நீரிற் சுமை ஏறியதும் அதன் 75 முதல் 80 வீதம் வரை கிடைக்கும். கே.வி. உயர்ந்த மோட்டர் வலு மிகுந்தது என்று பலர் எண்ணுகின்றனர், அது தவறு. கே.வி. இரட்டித்தால், ஓர் அம்பியருக்குக் கிடைக்கும் முறுக்கம் பாதியாகும். உயர்ந்த கே.வி. உடையது சிறு விசிறியை விரைந்து சுழற்றும்; தாழ்ந்த கே.வி. உடையது பெரிய விசிறியைப் பொறுமையாகச் சுழற்றும். ஓட்டக் குதிரையும் வண்டி மாடும் போல அவை வெவ்வேறு வேலைக்கு உரியன.

மோட்டர் தானாக மின்னைக் குடிப்பதில்லை. சுமை கேட்கும் அளவையே எடுக்கிறது. சுழலும் மோட்டர் தன்னுள்ளே எதிர் மின்னியக்க விசையொன்றைத் தோற்றுவிக்கும். 7.2 வோல்ற்றுப் பற்றரியில் ஓடும் சாதாரண மோட்டரின் சுருளும் கம்பியும் சேர்ந்து 0.15 ஓம் தடை உடையன எனக் கொள்வோம். சுழலும்போது எதிர்விசை 6 வோல்ற்று எனில், எஞ்சும் 1.2 வோல்ற்றை 0.15 ஆல் வகுக்க 8 அம்பியர் கிடைக்கும். அதே மோட்டரின் விசிறியில் நீர்க்களை சிக்கி அது நின்றுவிட்டால் எதிர்விசை மறைந்துவிடும். 7.2 வோல்ற்றை 0.15 ஆல் வகுக்க 48 அம்பியர்! அப்போது பற்றரி தரும் 346 வாற்றும் வெப்பமாகவே மாறும். விசிறியிற் சிக்கிய ஒரு பிடிக் களை மோட்டரைக் கருக்குவது இவ்வாறே.

மூன்றாம் பொருத்தம்: பற்றரி

இன்றைய படகுகளிற் பெரும்பாலும் பயன்படுவது இலித்தியம் பொலிமர் பற்றரி. இதன் ஒரு கலம் பெயரளவில் 3.7 வோல்ற்றும், முற்றாக மின்னேற்றிய நிலையில் 4.2 வோல்ற்றும் உடையது. 3 கலங்களைத் தொடராக இணைத்தால் 11.1 வோல்ற்று, நிரம்பியபோது 12.6 வோல்ற்று. நிக்கல் உலோக ஐதரைட்டுக் கலமோ 1.2 வோல்ற்று மட்டுமே.

பற்றரியின் மேலுள்ள மூன்று எண்களைப் படிக்கப் பழகவேண்டும். முதலாவது வோல்ற்று, இரண்டாவது கொள்ளளவு, மூன்றாவது சீ என்னும் எண். 5,000 மில்லி அம்பியர் மணி, 30 சீ எனில், 5 அம்பியரை 30 ஆற் பெருக்கி, 150 அம்பியர் வரை தரவல்லது என்று தயாரிப்பாளர் உரிமை கோருகின்றார் என்பது பொருள். இவ்வெண் பெரும்பாலும் தாராளமாகவே அச்சிடப்படுகிறது. ஆதலின், நமக்குத் தேவையான மின்னோட்டத்தைப்போல் மூன்று மடங்கு எழுதப்பட்ட பற்றரியை வாங்குதல் அறிவுடைமை.

பற்றரியை மாற்றும்போது நிகழும் பெருந்தவறு யாதெனில், 2 கலத்திற்குரிய படகில் 3 கலப் பற்றரியை இடுவது. வோல்ற்று ஒன்றரை மடங்காகிறது. சுழற்சியும் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. விசிறியின் விதிப்படி வலுவோ 1.5 இன் மும்மடியாகிய 3.4 மடங்காகிறது, மின்னோட்டம் 2.25 மடங்காகிறது, மோட்டர்ச் சுருளில் எழும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்திற்கேற்ப 5 மடங்காகிறது. பிள்ளை கேட்டது ஒன்றரை மடங்கு வேகம். மோட்டர் பெற்றது ஐந்து மடங்கு வெப்பம். மூன்றாம் நாட் கருகலின் கணக்கு இதுவே. விரலுக்கேற்ற வீக்கம் என்று நம் முன்னோர் சொன்னது இதற்கும் பொருந்தும். கலத்தைக் கூட்ட விரும்பினால் கே.வி.யையோ விசிறியையோ குறைத்தே ஆகவேண்டும்.

நான்காம் பொருத்தம்: வேகக் கட்டுப்படுத்தி

பற்றரிக்கும் மோட்டருக்கும் இடையே நின்று, கரையிலிருந்து வரும் கட்டளைக்கேற்ப மின்னை அளந்து விடுவது வேகக் கட்டுப்படுத்தி. இது நீர்க்குழாய் போல் மின்னை நெரிப்பதில்லை. செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை திறந்தும் மூடியும் சராசரியைக் குறைக்கிறது. மோட்டரின் வகைக்கு உரிய கட்டுப்படுத்தியையே வாங்குதல் வேண்டும். ஒன்றிற்குரியதை மற்றொன்றுடன் இணைத்தல் ஆகாது.

இதன் அம்பியர் எண், அளந்து கண்ட மின்னோட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கேனும் இருத்தல் நன்று. அத்துடன், நிரம்பிய பற்றரியின் வோல்ற்றை அது தாங்குமா என்பதையும் பார்க்கவேண்டும். விசிறி பெரிதாயினும் பாதி வேகத்தில் ஓட்டினாற் பாதுகாப்பு என்று சிலர் கூறுவர். பாதித் திறப்பில் மோட்டர்க் கம்பியில் ஓடும் மின்னோட்டம் பற்றரிக் கம்பியில் ஓடுவதிலும் அதிகம். விடாது திறந்து மூடுவதாற் கட்டுப்படுத்தியும் சூடேறும். பொருந்தாத விசிறிக்கு மெதுவான ஓட்டம் மருந்தாகாது.

இரண்டு சிறு குறிப்புகள். பற்றரிப் பக்கக் கம்பிகளை நீட்டவேண்டாம். நீட்டினால் மின்னழுத்தத் துடிப்புகள் பெருகிக் கட்டுப்படுத்தியைக் கெடுக்கும். நீட்டியே ஆகவேண்டுமெனின் மோட்டர்ப் பக்கக் கம்பிகளை நீட்டுக. மேலும், இலித்தியப் பற்றரியைப் பூட்டும்போது, தாழ்மின்னழுத்தத்தில் நிறுத்தும் அமைப்பு இலித்தியத்திற்கென வைக்கப்பட்டுள்ளதா எனப் பார்க்க. நிக்கலுக்கென விடப்பட்டிருந்தால், கலம் அளவுக்கு மீறி வற்றிப் பழுதாகிவிடும்.

முதற் கணக்கு: இழுவைப் படகு

முன்னர்க் கூறிய மாதிரி இழுவைப் படகை எடுத்துக்கொள்வோம். வேண்டிய வேகம் செக்கனுக்கு 1.03 மீற்றர். விசிறியின் விட்டம் 50, புரியிடைத்தூரம் 40 மில்லிமீற்றர். வழுக்கல் 40 வீதம் எனில், 1.03 ஐ 0.6 ஆல் வகுக்க 1.72 மீற்றர். இதனை 0.04 ஆல் வகுக்க, செக்கனுக்கு 43 சுற்று; நிமிடத்திற்கு ஏறத்தாழ 2,600 சுற்று. சுமையிற் கிடைப்பது 80 வீதம் என்பதால், சுமையின்றி 3,250 சுற்று வேண்டும். 12 வோல்ற்று ஈயப் பற்றரி பூட்டுவோமாயின், 3,250 ஐ 12 ஆல் வகுக்க 270 கே.வி. கிடைக்கிறது. இவ்வளவு தாழ்ந்த கே.வி. உள்ள மோட்டர் கிடைக்காவிடின், பட்டியோ பற்சில்லோ பூட்டிச் சுழற்சியைக் குறைக்கலாம்.

ஈயப் பற்றரியின் பாரம் இங்கே குறையன்று, குணமே. 12 வோல்ற்று, 7 அம்பியர் மணிப் பற்றரி 2 கிலோகிராமுக்கு மேல் இருக்கும். 8 கிலோகிராம் அளவில் மிதக்கவேண்டிய இப்படகிற்கு எப்படியும் அடியிற் பாரம் வேண்டும். கல்லை வைப்பதற்குப் பதில் பற்றரியை வைக்கிறோம். நீரிற் கட்டி ஓட்டி அளந்தபோது 2 அம்பியர் காட்டியது எனக் கொள்வோம். ஈயப் பற்றரியிற் பாதியை மட்டும் செலவிடுதல் நன்று என்பதால், 3.5 ஐ 2 ஆல் வகுக்க 1 மணி 45 நிமிட ஓட்டம் கிடைக்கும். மோட்டரின் தடை 0.8 ஓம் எனில், அது சிக்கி நின்றால் 15 அம்பியர் ஓடும். ஆகவே 20 அம்பியர்க் கட்டுப்படுத்தியும், பற்றரிக்கு அருகில் 5 அம்பியர் உருகியும் பொருந்தும்.

இரண்டாம் கணக்கு: விரைவுப் படகு

60 சென்ரிமீற்றர் நீளமான விரைவுப் படகு மணிக்கு 40 கிலோமீற்றர், அதாவது செக்கனுக்கு 11.1 மீற்றர் ஓடவேண்டும் என வைத்துக்கொள்வோம். விசிறி 40 மில்லிமீற்றர் விட்டமும், அதன் 1.4 மடங்காகிய 56 மில்லிமீற்றர் புரியிடைத்தூரமும் உடையது. வழுக்கல் 20 வீதம் எனில் 13.9 மீற்றர், 0.056 ஆல் வகுக்க, செக்கனுக்கு 248 சுற்று. நிமிடத்திற்கு ஏறத்தாழ 14,900. சுமையின்றி 18,600 சுற்று வேண்டும். 2 கலமாயின் 2,500 கே.வி.; 3 கலமாயின் 1,675; 4 கலமாயின் 1,255. மூன்றும் ஒரே வேகத்தையே தரும். எதனைத் தெரிவு செய்வது?

இப்படகு 450 வாற்று எடுக்கிறது எனக் கொள்வோம். 2 கலத்தில் அது 61 அம்பியர். 3 கலத்தில் 41. 4 கலத்தில் 30. ஒரே கம்பியில், 61 அம்பியர் எழுப்பும் வெப்பம் 30 அம்பியர் எழுப்புவதைப்போல் 4 மடங்கு. ஆகவே, கலங்களைக் கூட்டிக் கே.வி.யைக் குறைத்தலே சிறந்த வழி. இங்கே கலம் கூடியதாற் சூடு குறைந்தது. முன்பு சொன்ன படகிலோ கலம் கூடியதாற் சூடு பெருகியது. வேறுபாடு கே.வி. எண்ணில் இருக்கிறது என்பதை மாணவர் ஊன்றி நோக்குக.

3 கலத்தையே தெரிவு செய்வோமாயின், 41 அம்பியருக்கு 60 முதல் 80 அம்பியர் வரையான நீர்க்குளிர்ச்சிக் கட்டுப்படுத்தி பொருந்தும். 5,000 மில்லி அம்பியர் மணிப் பற்றரியில் 80 வீதமாகிய 4 அம்பியர் மணியைச் செலவிட்டால், ஏறக்குறைய 6 நிமிடம் ஓடும். உண்மையில் வேண்டியது 8 சீ. மூன்று மடங்கு என்னும் விதிப்படி 25 சீ என எழுதப்பட்டது போதும். 6 நிமிடம் குறைவு எனத் தோன்றினால், விசிறியைச் சிறிதாக்குவதே வழி. 40 மில்லிமீற்றருக்குப் பதில் 38 இட்டால், அதே சுழற்சியில் வலு ஏறத்தாழ 23 வீதம் குறையும். வேகம் அந்த அளவிற்குக் குறையாது.

அளந்து அறிதல்

கணக்கு வாயில் வரையே அழைத்துச் செல்லும்; உள்ளே செல்ல அளவீடு வேண்டும். பற்றரிக்கும் கட்டுப்படுத்திக்கும் இடையில் இணைக்கும் வாற்றுமானி ஒன்றின் விலை, கருகிய கட்டுப்படுத்தியின் விலையிற் சிறு பங்கே. இழுவைப் படகைக் குளியற்றொட்டியிற் கட்டி அளக்கலாம். விரைவுப் படகை அவ்வாறு அளத்தல் பயன்படாது. ஓட்டத்தில் பாதி நீருக்கு மேலே சுழலும் அதன் விசிறி, தொட்டியில் முற்றாக அமிழ்ந்து அளவுக்கு மீறிய சுமையைக் காட்டும். அதனைக் குளத்தில் ஒரு நிமிடம் மட்டும் ஓட்டிக் கரைக்குக் கொணர்ந்து, மானியின் உச்ச எண்ணைப் படிக்க. பின் பற்றரியைக் கழற்றிவிட்டு, மோட்டர், கட்டுப்படுத்தி, பற்றரி மூன்றையும் தொட்டுப் பார்க்க. விரலைச் சில செக்கன்களாவது வைத்திருக்க இயலாவிடின் சூடு ஏறத்தாழ 60 பாகையைக் கடந்துவிட்டது. விசிறி பெரிது என்பது அதன் செய்தி. சாதாரண நியோடிமியக் காந்தங்கள் 80 பாகைக்கு மேல் நிரந்தரமாக வலிமை குன்றத் தொடங்கும்.

வேறொன்றும் உண்டு. அளப்பதற்கு முன் தண்டைக் கையாற் சுழற்றிப் பார்க்க. மோட்டரும் தண்டும் நேர்கோட்டில் இல்லாவிடின், பற்றரியின் வலு உராய்விலேயே அழியும். மசகு இடாத தண்டிற்கு எந்தப் பொருத்தமும் பயன்படாது.

உயிர் காக்கும் விதிகள்

பெற்றோரும் மாணவரும் இப்பகுதியைச் சேர்ந்து படித்தல் வேண்டும். இலித்தியப் பற்றரி குத்துண்டாலோ, அளவு மீறி மின்னேற்றப்பட்டாலோ, குறுக்குச் சுற்றானாலோ தீப்பற்றும். அத்தீ விரைந்து பரவும். ஆதலின், அதற்கென அமைந்த மின்னேற்றியையே பயன்படுத்துக. 5,000 மில்லி அம்பியர் மணிப் பற்றரியை 5 அம்பியருக்கு மேல் ஏற்றாதிருக்க. எரியாத தரைமீது வைத்து, ஆள் அருகிலிருக்கையில் மட்டும் மின்னேற்றுக. இரவில் ஏற்றிவிட்டு உறங்கச் செல்லாதீர். நெடுநாள் வைப்பதாயின், கலத்திற்கு 3.8 வோல்ற்று அளவில் வைக்க. ஊதிப் பருத்த பற்றரியை மீண்டும் பயன்படுத்தவேண்டாம். குப்பைத் தொட்டியில் இடாது, பற்றரி சேகரிக்கும் இடத்தில் ஒப்படைக்க.

மேசையில் மோட்டரைச் சோதிக்கும்போது விசிறியைக் கழற்றிவிடுக. கூரிய உலோக விசிறி விரலைத் துண்டாக்க வல்லது. நீந்துவோர் உள்ள நீரில் விரைவுப் படகை ஓட்டாதிருக்க.

எல்லாவற்றிலும் முதன்மையானது இது: படகு நடுக்குளத்தில் நின்றுவிட்டால் அதனை எடுக்க நீரில் இறங்காதீர். குளிர்நாடுகளின் நீர், நன்கு நீந்தத் தெரிந்தவரின் மூச்சையும் சில கணங்களில் அடக்கிவிடும். சேற்றடியும் களைகளும் காலைப் பிணிக்கும். காற்று படகைக் கரையேற்றும் வரை காத்திருக்க; அல்லது தூண்டிற் கயிற்றில் பந்து கட்டி எறிந்து இழுக்க. மீட்க இயலாவிடின் விட்டுவிடுக. படகிற்கு விலை உண்டு. பிள்ளைக்கு விலை இல்லை. ஓடும் நேரத்தைக் கணக்கிட்டுக் கடிகாரம் வைத்து, பற்றரி வற்றுமுன் படகைக் கரைக்கு அழைப்பது இந்த இக்கட்டே எழாமற் செய்யும். மேலே செய்த கணக்குகளின் தலையாய பயன் அதுவே.

நிறைவாக, பொருத்தம் பார்க்கும் ஒழுங்கை மனத்திற் பதிப்போம். படகின் உடல் வேகத்தை வகுக்கும். வேகம் விசிறியையும் சுழற்சியையும் வகுக்கும். சுழற்சியும் வோல்ற்றும் மோட்டரின் கே.வி.யை வகுக்கும், விசிறி கேட்கும் வலு மின்னோட்டத்தை வகுக்கும், மின்னோட்டம் பற்றரியையும் கட்டுப்படுத்தியையும் வகுக்கும். நீரிலிருந்து தொடங்கிப் பற்றரியில் முடிக்கவேண்டும்; பலரும் பற்றரியிலிருந்து தொடங்கி நீரில் முடிக்கின்றனர். இவ்வொழுங்கைக் கற்ற மாணவர், நாளை மின்வண்டியையோ காற்றாலையையோ அமைக்க நேரினும், சுமை கேட்பது என்ன என்னும் கேள்வியையே முதலிற் கேட்பார்கள். பொறியியல் அறிவு தொடங்கும் இடம் அது.

பயிற்சி வினாக்கள்

1. உண்மைக் கப்பல் ஒன்று 15 கடல்மைல் வேகத்தில் ஓடுகிறது. 25இல் ஒரு பங்கான அதன் மாதிரி எவ்வேகத்தில் ஓடவேண்டும்?

2. 1,800 கே.வி. மோட்டர், 3 கல இலித்தியப் பற்றரி, 50 மில்லிமீற்றர் புரியிடைத்தூரம் உள்ள விசிறி. சுமையில் 80 வீதச் சுழற்சியும் 20 வீத வழுக்கலும் எனில், படகின் வேகம் மணிக்கு எத்தனை கிலோமீற்றர்?

3. 4,000 மில்லி அம்பியர் மணிப் பற்றரியிலிருந்து படகு 24 அம்பியர் எடுக்கிறது. 80 வீதத்தைச் செலவிட்டால் எத்தனை நிமிடம் ஓடும்?

4. விசிறியின் விட்டத்தை 40 இலிருந்து 42 மில்லிமீற்றர் ஆக்கினால், அதே சுழற்சியில் வலு எத்தனை வீதம் கூடும்?

விடைகள்: 1. 3 கடல்மைல். 2. ஏறத்தாழ 38. 3. 8 நிமிடம். 4. ஏறத்தாழ 28 வீதம்.